தரவையில் தனியே நிற்கும் குஞ்சு

ஆடி மாதத்தில் ஆனையிறவைக் கடக்கும் சோளகக் காற்றுக்குத் தடுப்பு எதுவும் கிடையாது. ஒரு பக்கம் யாழ்ப்பாணக் கடனீரேரி, மறுபக்கம் சுண்டிக்குளம் வரை நீளும் நீர்ப்பரப்பு, நடுவே ஏ-9 வீதியும் தண்டவாளமும். நீர் வற்றிய தரவை உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கிறது. அந்த வெளுப்பில் மண் நிறத்தில் ஏதோ அசைகிறது. தீக்குச்சி மாதிரிக் கால்கள், மணல் நிறத் தூவி, இன்னும் முளைக்காத சிறகு. சுற்றிலும் கூடு இல்லை, மரம் இல்லை, தாய்ப்பறவையையும் காணவில்லை. வாகனத்தை ஓரங்கட்டி இறங்கியவர்கள் அதைக் கையில் எடுக்கிறார்கள். வெயிலில் கிடந்தால் செத்துப்போகும் என்கிறார் ஒருவர். காகம் கொண்டுபோய்விடும் என்கிறார் இன்னொருவர். போத்தல் மூடியில் தண்ணீர் வருகிறது, பிஸ்கட் தூள் வருகிறது. கடைசியில் குஞ்சு வாகனத்தில் ஏறி யாழ்ப்பாணம் போகிறது. தாயும் தந்தையும் சற்றுத் தள்ளித் தரையோடு ஒட்டி ஓடிக் கத்துவது அந்த இரைச்சலில் யார் காதிலும் விழுவதில்லை.

ஒவ்வொரு வறட்சிக் காலத்திலும் வடக்கின் கரையோரங்களில் இப்படி நடக்கிறது. எடுத்தவர்களின் மனதில் கள்ளமில்லை. ஆனால் அந்தக் குஞ்சு வழிதவறியதும் அல்ல, கைவிடப்பட்டதும் அல்ல. இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. கூட்டுக்கு வெளியே காணப்படும் குஞ்சை என்ன செய்வது என்ற கேள்விக்கு, மரங்கள் அடர்ந்த ஊரில் ஒரு விடையும் ஆனையிறவு போன்ற வெட்டவெளியில் வேறொரு விடையும் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் சாகும் குஞ்சுகள் பல.

பிறந்த அன்றே நடப்பவை

பறவைக் குஞ்சுகள் பெரும்பாலும் இரண்டு வகை. காகம், மைனா, புலுனி, கிளி, புறா ஆகியவற்றின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வரும்போது தோலும் வயிறுமாக, கண் மூடி, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவும் தெரியாமல் இருக்கும். கூடுதான் அவற்றின் உயிர். கோழிக்குஞ்சு இரண்டாம் வகை. கண் திறந்து, தூவி மூடி, பொரித்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கும். ஆனையிறவின் தரவையில் குஞ்சு பொரிப்பவை ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாம் வகை.

ஆட்காட்டி அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆள் நடமாட்டம் கண்டதும் ஊரையே கூட்டும் இந்தப் பறவை வெறுந்தரையில் சிறு குழி பறித்து, சுற்றிக் கூழாங்கல்லோ ஆட்டுப் புழுக்கையோ வைத்து, வழக்கமாக நான்கு முட்டை இடும். முட்டையிட்ட இடத்தை ஆட்காட்டியிடம் கேட்டுத் தொடங்கும் நாட்டார் பாடல் ஒன்று தமிழர் பலரின் நினைவில் இருக்கிறது. பாடலில் பறவை பதில் சொல்லும். தரையில் சொல்லாது. முட்டை கிடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பறந்து போய்க் கத்தித்தான் ஆளை இழுக்கும். ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாத்தபின் குஞ்சுகள் வெளிவரும். ஒரு நாளுக்குள் அவை குழியை விட்டுப் போய்விடும், திரும்பி வருவதில்லை. அதன்பிறகு ஆட்காட்டிக் குஞ்சுக்குக் கூடு என்று ஒன்று கிடையாது. தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் நின்ற இடத்திலேயே படுத்து அசையாமல் கிடப்பதுதான் அதன் பாதுகாப்பு. தொட்டாலும் அசையாத அந்தக் கிடப்பைப் பார்த்து, நோயில் விழுந்ததாகவோ மயங்கியதாகவோ மனிதர் முடிவுகட்டுகிறார்கள்.

செந்நிற நெடுங்கால்களோடு சேற்றில் நடக்கும் நெட்டைக்கால் உள்ளான், உப்புப் பாத்தி ஓரங்களில் ஓடியும் நின்றும் பூச்சி பொறுக்கும் உப்புக்கொத்தி ஆகியவற்றின் குஞ்சுகளும் அப்படியே. பெற்றோர் இவற்றுக்கு ஊட்டுவதில்லை. குஞ்சு தானாகவே உவர்நீர் ஓரத்து ஈயையும் புழுவையும் கொத்தித் தின்னும். பெற்றோர் செய்வது காவல், நிழல், இரவுச் சூடு. தரவைக்கு மேற்புறப் பற்றைக்காடுகளில் கவுதாரியும் மயிலும் இதே வழியில்தான் குஞ்சுகளை நடத்திச் செல்கின்றன. ஆகவே ஆனையிறவுப் பக்கம் தூவி மூடிய, கால் ஊன்றி ஓடக்கூடிய ஒரு குஞ்சு தனியே நின்றால், தாய் எங்கே என்று தேடுவதற்கு முன் தேடுபவர் அங்கிருந்து விலகவேண்டும். அவர் நிற்கும் வரை தாய் வராது.

குளிர்காலத்தில் மத்திய ஆசிய வலசைப் பாதையால் வந்திறங்கும் பறவைக் கூட்டங்கள் இந்தக் கணக்கில் சேராதவை. அவை ஐப்பசி முதல் பங்குனி, சித்திரை வரை தங்கித் தீனி தின்று, குஞ்சு பொரிக்க வடக்கே திரும்புபவை. படம் பிடிக்க ஆட்களை இழுக்கும் பூநாரையும் இங்கே குஞ்சு பொரிப்பது வழக்கமில்லை. தரவையில் காணப்படும் குஞ்சு உள்ளூர்க் குடிப்பறவையின் குஞ்சு. மழைக்குப் பின் விருந்தாளிகளைப் பார்க்க வருபவர்கள், வறட்சியில் வீட்டுக்காரர் குஞ்சு வளர்ப்பதைக் கவனிப்பதில்லை.

> அனுமன் உப்புக்கொத்தி
>
> இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காணப்படும் சிறிய உப்புக்கொத்தி ஒன்றை நீண்ட காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவாகவே வைத்திருந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, அது தனி இனம் என்று 2023-இல் 'ஐபிஸ்' ஆய்விதழில் நிறுவினார்கள். இரண்டு இனங்களும் பிரிந்து ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்பது அவர்களின் கணிப்பு. இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் பாலம் அமைத்த கதையை நினைந்து அனுமன் பெயர் சூட்டப்பட்டது. கரையோர உவர்நிலமும் உப்பளமும்தான் இதன் வாழிடம். இவ்விரு நிலங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை என்பதால், இங்கே ஒரு குஞ்சு வீணாகச் சாவது வேறோரிடத்தில் ஈடாவதில்லை.

நிழல் கொடுக்க வந்தவரால் வெந்த முட்டை

குஞ்சை எடுக்காமல், அருகில் நின்று காவல் காத்தாலே போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதன் விளைவு இன்னும் மோசம். உப்புத் தரவையின் மேற்பரப்பு நண்பகலில் காற்றைவிட மிகக் கூடுதலாகச் சூடேறும். பறவை முட்டையின் கரு 40 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டை நீண்ட நேரம் தாங்காது. குளிர்நாடுகளில் அடைகாப்பது முட்டையைச் சூடாக்குவதற்கு. வன்னியின் வெட்டவெளியில் பகல் நேரத்து அடைகாப்பு முட்டையைக் குளிர்விப்பதற்கு. ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் நீருக்குப் போய் வயிற்றுத் தூவியை நனைத்துக்கொண்டு திரும்பி முட்டைமேல் அமரும். சில வேளை உட்காராமல் நின்றபடியே நிழல் விரிக்கும். தாயும் தந்தையும் முறை மாறுவதும் இதற்காகவே.

இந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று கைப்பேசியில் படம் எடுத்தால் பறவை எழுந்துவிடும். பத்து நிமிடத்தில் அவர் போய்விட்டால் நட்டம் சிறிது. ஒரு குடும்பமே இறங்கி அரைமணி நேரம் நின்றால் குழியில் கிடப்பவை வெந்துவிடும். அன்று பொரித்த குஞ்சுக்கும் இதே கதிதான். நிழலில்லாமல் அது நீண்ட நேரம் தாங்காது.

காகங்களும் நரிகளும் வேறு இருக்கின்றன. மனிதர் எங்கே குனிகிறார்கள் என்பதைக் காகம் நன்றாகக் கவனிக்கும். குப்பை கிடக்கும் வீதியோரத்தில் காகம் பெருகும். வாகனம் நிறுத்தித் தின்றுவிட்டு எச்சிலை எறியும் இடங்களைச் சுற்றித் தரைப்பறவைகளின் முட்டை தப்புவது அரிது. குஞ்சைக் காகத்திடமிருந்து காப்பாற்றப் போனவர்கள் விட்டுவரும் சோற்றுப் பொட்டலம் அடுத்த நாள் காகத்தை அழைத்து வரும். இதைத் தடுக்க அறிவியல் எதுவும் தேவையில்லை, ஒரு பை போதும்.

சோளகம் உதறிய மரங்கள்

தரவையை விட்டுப் பரந்தன், இயக்கச்சி, பளை வளவுகளுக்குள் வந்தால் கதை மாறிவிடும். சோளகம் பனையையும் வேம்பையும் பிடித்து உலுக்கும் மாதங்களில் கூடுகள் சரியும். இங்கே விழும் குஞ்சுகள் முதல் வகையைச் சேர்ந்தவை. இவற்றில்தான் மனிதர் கைவைக்கவேண்டிய சந்தர்ப்பங்கள் வருகின்றன.

முதலில் பார்க்கவேண்டியது உடம்பில் இறகு இருக்கிறதா என்பது. உடல் முழுக்க இறகு மூடி, வால் குட்டையாக, வாயோரம் மஞ்சளாக, தத்தித் தத்திப் பறக்க முயலும் குஞ்சு வளர்ந்தது. பறக்கக் கற்கும் முன்பே கூட்டை விட்டிறங்குவது மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் புலுனிக்கும் இயல்பு. சில நாட்கள், சிலவற்றில் ஓரிரு கிழமைகள், தரையிலும் பற்றையிலும் ஒளிந்து திரியும். பெற்றோர் தேடிவந்து ஊட்டும். புலுனிகளில் கூட்டமே சேர்ந்து ஊட்டும். அதை எடுத்து வீட்டுக்குள் வைப்பது கடத்தல். நாயும் பூனையும் திரியும் வளவென்றால், குஞ்சைப் பக்கத்துப் பற்றைக்குள்ளோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டுப் பூனையை இரண்டொரு நாள் வீட்டுக்குள் அடைப்பது சரி. பூனையை அடைப்பதற்குச் சோம்பிக் குஞ்சை அடைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

இறகு முளைக்காத, அல்லது குச்சி குச்சியாக இறகுக் குருத்து மட்டும் தெரிகிற குஞ்சு உண்மையில் விழுந்தது. அதற்குரிய முதல் மருத்துவம் அதே கூடுதான். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. பறவைகள் அப்படி ஒதுக்குவதில்லை. வாடையைவிட வாயைப் பிளந்து கத்தும் குஞ்சின் குரல்தான் தாயை இழுக்கும். கூட்டை எட்ட முடிந்தால் திரும்ப வைத்துவிட்டு விலகலாம். கூடே சிதைந்திருந்தால், அடியில் துளையிட்ட சிறு ஓலைப்பெட்டியையோ சிரட்டையையோ அதே மரத்தில், பழைய இடத்துக்கு அருகில், நிழலான கவட்டில் கட்டி, உலர்ந்த புல் பரப்பிக் குஞ்சை வைக்கலாம். பிளாஸ்டிக் டப்பா வெயிலில் கொதிக்கும், மழையில் நீர் தேங்கும். வைத்தபின் வீட்டுத் திண்ணையில் இருந்து இரண்டு மணி நேரம் பார்க்கவேண்டும். பெற்றோர் ஒருமுறை இரையோடு வந்து போனால் வேலை முடிந்தது.

சில இனங்களுக்கு இந்த விதி பொருந்தாது. கூகையின் குஞ்சு இடிந்த கட்டடத்து மேற்கூரையிலிருந்து விழுந்தால் பெற்றோர் தரையில் வைத்து ஊட்டமாட்டா. அதை மேலே ஏற்றித்தான் ஆகவேண்டும். சாக்குருவி என்று விரட்டும் வழக்கம் இருப்பதால் பலர் ஏற்றுவதில்லை. எலி தின்னும் பறவையை வயல் ஊரில் விரட்டுவது வேடிக்கையான கணக்கு. பனை உழவாரன் இன்னொன்று. பனையோலையின் அடிப்புறத்தில் எச்சிலால் ஒட்டிய கூட்டில் வளரும் அந்தக் குஞ்சு முழுதாகப் பறக்க வந்தபின்தான் ஓலையை விடும். ஆகவே தரையில் கிடக்கும் உழவாரனுக்கு ஏதோ கேடு நேர்ந்திருக்கிறது. ஓலை வெட்டும் காலத்தில் வெட்டிய ஓலைகளைப் புரட்டிப் பார்த்தால் சில நேரம் கூடோடு கிடைக்கும்.

போரில் குண்டு பட்டுத் தலையிழந்த பனைகள் இந்தப் பகுதிக்கு மட்டும் உரிய சங்கதி. உள்ளே உக்கிப் பொந்தாகும் அத்தகைய மொட்டைப் பனைகளைக் கிளி, மைனா, பனங்காடை ஆகிய பொந்துவாழ் பறவைகள் விரும்பும். துப்புரவு என்ற பெயரில் அவற்றைச் சாய்க்கும்போது, குறிப்பாக மாசி முதல் ஆனி வரை, பொந்துக்குள் குஞ்சுகள் இருக்கக்கூடும். மரத்தைத் தட்டிப் பார்த்து, பறவை வெளியேறினால் வெட்டைச் சில கிழமைகள் தள்ளிவைப்பது அறிவு. விழுந்த மரத்திலிருந்து எடுத்த கிளிக்குஞ்சுகளைக் கூண்டில் வைத்துப் பேசப் பழக்கும் ஆசைக்கும் அப்போது இடமிருக்காது.

காகக் கூட்டின் கீழ் கிடக்கும் குஞ்சு காகமாக இல்லாமலும் இருக்கலாம். குயில் தன் முட்டையைக் காகத்திடம் ஒப்படைப்பது எல்லோரும் அறிந்தது. ஆண் குயில் குஞ்சு கருப்பாக இருப்பதால் காகமே ஏமாறுகிறது, மனிதரும் ஏமாறலாம். எதுவானாலும் செய்யவேண்டியது ஒன்றுதான்: மேலே வைத்துவிட்டுத் தலையைக் காத்துக்கொண்டு ஓடுவது. நன்றி சொல்லும் பழக்கம் காகத்துக்கு இல்லை.

பாலும் பாணும் பரிவும்

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைத் தமிழர் வள்ளல் வரிசையில் வைத்திருக்கிறார்கள். மயில் அதைப் போர்த்தமாட்டாது என்பதைப் பாடிய பரணரும் மறைக்கவில்லை. பேகனின் கொடையால் மயிலுக்குத் தீங்கு வரவில்லை. குஞ்சுக்குப் பால் கொடுப்பவரின் கொடை அப்படிப்பட்டதல்ல.

பறவைக்குப் பால் செரிக்காது. பால்மாவைக் கரைத்து ஊற்றினால் வயிறு போய் உடல் வற்றும். பாணும் சோறும் வயிற்றை நிரப்பும், வளர்த்தி தராது. பூச்சியில் வளரவேண்டிய குஞ்சு மாவில் வளர்ந்தால் எலும்பு வளையும், இறகு உதிரும். இவற்றைவிட விரைவாகக் கொல்வது தண்ணீர். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. வாயைப் பிளந்து சொட்டு விடும்போது தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் குடித்துத் தலையை உதறியதும் செத்தது என்று சொல்லப்படும் குஞ்சுகள் மூழ்கிச் செத்தவை. தாகத்துக்குத் தேவையான நீரைப் பெரும்பாலான கூட்டுக் குஞ்சுகள் இரையிலிருந்தே பெறுகின்றன.

சூடு பற்றிய அறிவுரைகளையும் அப்படியே நம்பமுடியாது. குஞ்சைச் சுடுநீர்ப் போத்தலுக்கு அருகில் வை என்று குளிர்நாட்டுக் கையேடுகள் எழுதுகின்றன. இறகில்லாத குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வரையிலான சூடு வேண்டும் என்பது உண்மை. கிளிநொச்சியில் வைகாசி முதல் ஆவணி வரை நண்பகல் காற்றே அந்தச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடும். அந்த நேரத்தில் தகரக் கூரையின் கீழ்ப் பெட்டியில் வைத்து மின்குமிழையும் எரியவிட்டால் குஞ்சு அவியும். வாய் பிளந்து மூச்சிரைத்தால் சூடு கூடிவிட்டது. தொட்டுப் பார்க்கையில் குளிர்ந்து, கூப்பிட்டாலும் வாய் திறக்காவிட்டால் சூடு போதவில்லை. மழைக்காலத்து இரவுகளில்தான் சூட்டுப் போத்தல் தேவைப்படும். குளிர்ந்துபோன குஞ்சுக்கு இரை கொடுக்கவே கூடாது. உடல் சூடேறிய பின்தான் குடல் வேலை செய்யும்.

பூனை கவ்விய குஞ்சு வேறு கணக்கு. வெளியே காயம் தெரியாது, நல்ல உற்சாகமாகவும் இருக்கும். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டரெல்லா என்ற பற்றீரியா பல்லின் ஊசித்துளை வழியே இரத்தத்துக்குள் போய், ஓரிரு நாளில் கொன்றுவிடும். அன்றே மிருக வைத்தியர் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மட்டும்தான் தடுக்கும். மஞ்சள் பூசிக் காத்திருப்பவர்கள் மூன்றாம் நாள் புதைக்கிறார்கள்.

> முதல் ஒரு மணி நேரம்
>
> காயம், உடைந்த சிறகு, பூனைக்கடி, எறும்பு மொய்த்தல், பக்கத்தில் செத்துக் கிடக்கும் தாய்: இவற்றில் ஒன்றிருந்தால் குஞ்சை எடுக்கலாம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி பரப்பி வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடவேண்டும். கம்பிக் கூண்டு இறகை உடைக்கும். குழந்தைகள் திறந்து திறந்து பார்த்தால் பயத்திலேயே சாகும். ஊட்டவேண்டாம், தண்ணீர் விடவேண்டாம். கண்டெடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். உதவி வர அரைநாளுக்கு மேலாகும் என்றால் மட்டும், பூச்சி தின்னும் இனத்துக்கு அவித்து மசித்த முட்டையோ காலும் சிறகும் கிள்ளிய வெட்டுக்கிளியோ, குஞ்சு தானே வாய் திறக்கும்போது, சிறு துணுக்குகளாக. தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் அறிவிக்கவேண்டும்.

பிழைத்தபின் வரும் கேடு

எல்லாத் தவறுகளையும் தாண்டிக் குஞ்சு பிழைத்துக்கொண்டாலும் கதை நன்றாக முடிவதில்லை. விடியலிலிருந்து இருளும் வரை அரைமணிக்கு ஒருமுறையோ அதற்கும் குறைந்த இடைவெளியிலோ ஊட்டவேண்டியிருப்பதால், இரண்டாம் கிழமைக்குள் பெரும்பாலானோர் களைத்துவிடுவார்கள். களைக்காதவர்கள் வேறொரு சிக்கலை வளர்க்கிறார்கள். ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1930-களில் வாத்துக் குஞ்சுகளிடம் காட்டியது, பொரித்ததும் முதலில் கண்ட அசையும் உருவத்தையே தாய் என்று அவை பதிந்துகொள்ளும் என்பது. அவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓடும் குஞ்சுகளில் இந்தப் பதிவு மிக வலியது. வீட்டில் வளர்ந்த ஆட்காட்டிக்குத் தன் இனத்தின் எச்சரிக்கைக் குரல் தெரியாது. நாயைக் கண்டால் படுக்கத் தெரியாது. அதைத் தரவையில் கொண்டுபோய் விடுவது நாய்க்குக் கொடுப்பதுதான். கூட்டுக் குஞ்சுகளிலும் மனிதருக்குப் பயமற்ற மைனா, கிளி என்றால் முதல் கல்லெறியில் விழும்.

> சட்டம்
>
> இலங்கையின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1937-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கம். மிகச் சிலவற்றைத் தவிர நாட்டுப் பறவைகள் யாவும் அதன் பாதுகாப்பில் உள்ளன. பிடிப்பது, முட்டையையோ கூட்டையோ எடுப்பது, அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். சுண்டிக்குளம் 1938-இல் சரணாலயமாகி, 2015-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அதன் எல்லைக்குள் இறங்குவதற்கே அனுமதி வேண்டும். காயப்பட்ட குஞ்சை உடனே திணைக்களத்திடம் கொடுப்பவருக்கும், வளர்த்துப் பழக்கிக் கூண்டில் தொங்கவிடுபவருக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு பெரிது. முன்னவர் தொலைபேசியில் அழைத்த நேரம்தான் அவருக்குச் சாட்சி.

கூந்தன்குளம் சொல்லும் விதிவிலக்கு

கையால் வளர்ப்பது எங்குமே உதவாது என்றும் சொல்லமுடியாது. திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊர் நடுவே, வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் கலங்காதிருக்கத் தீபாவளிக்கு வெடி கொளுத்தாத ஊர் அது. அங்கே பறவைக் காவலராக அறியப்பட்ட பால்பாண்டியும் அவர் மனைவி வள்ளித்தாயும் காற்றிலும் நெரிசலிலும் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டிப் பறக்கும்வரை வளர்த்தார்கள். கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூரிலும் ஊர் இளைஞர்கள் விழுந்த கூழைக்கடாக் குஞ்சுகளைத் தனி அடைப்பில் வைத்து வளர்த்து விட்டிருக்கிறார்கள்.

இவை ஏன் பலித்தன என்பதைப் பார்க்கவேண்டும். நூற்றுக்கணக்கான கூடுகள் நெருங்கிய மரத்திலிருந்து விழும் பெரிய நாரைக் குஞ்சுக்குப் பெற்றோர் தரையில் வந்து ஊட்டுவது அரிது. எடுக்காவிட்டால் சாவு உறுதி. இரை முழு மீன், எனவே ஊட்டுவது எளிது. வளரும் இடத்தின் தலைக்கு மேலேயே அதன் இனம் நாள் முழுக்க இருக்கிறது, எனவே தான் யார் என்பதைக் குஞ்சு மறப்பதில்லை. பறந்ததும் சேரக் கூட்டம் இருக்கிறது. அவர்கள் அதை ஒரு பருவத்துப் பொழுதுபோக்காகச் செய்யவில்லை, ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். வன்னிக் குளக்கரை மரங்களில் நாரையும் கொக்கும் கூடி வாழும் இடங்களுக்கு இந்தப் பாடம் பொருந்தும். தரையில் ஓடும் உப்புக்கொத்திக்கு மேற்கண்டவற்றில் எதுவும் பொருந்தாது.

தரவைக்குள் இறங்கும் முன்

ஆனையிறவில் குஞ்சைத் துரத்தி வீதியைவிட்டு இறங்குபவருக்கு வேறோர் ஆபத்தும் இருக்கிறது. 1991-இலும் 2000-இலும் பெருஞ்சமர் நடந்த நிலம் இது. வடக்கே முகமாலை நாட்டின் மிக மோசமான கண்ணிவெடி வயல்களில் ஒன்று. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017-இல் சேர்ந்தது. அகற்றும் பணியில் பெரும்பகுதி முடிந்திருந்தாலும், மண்டையோட்டுப் பலகை நின்ற பக்கம் கால் வைக்கக்கூடாது. மழை வெள்ளம் வெடிபொருளை இடம்மாற்றும். காயப்பட்டதுபோலச் சிறகை இழுத்துக்கொண்டு ஓடும் ஆட்காட்டி நடிப்பதே ஆளைத் தன் பின்னால் வெகுதூரம் கூட்டிப்போவதற்குத்தான். அது போகும் திசை துப்புரவான நிலமா என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பறவையும் மனிதரும் அன்றாடம் முட்டிக்கொள்ளும் இடம் உப்பளம். போருக்கு முன் நாட்டின் பெரிய உப்பளங்களில் ஒன்றாக இருந்த ஆனையிறவு உப்பளம் 1990-இல் கைவிடப்பட்டு, பின்னர் புனரமைக்கப்பட்டது. 2025-இல் மேசை உப்பு ஆலையும் திறந்தது. உப்பு விளைவது வெயிலும் காற்றும் கூடிய மாதங்களில். வரம்பிலும் காய்ந்த பாத்தியிலும் உப்புக்கொத்தி முட்டையிடுவதும் அதே மாதங்களில். கைவிடப்பட்டுக் கிடந்த ஆண்டுகளில் இந்த மோதல் இருக்கவில்லை. இப்போது ஒரு மதகு திறந்தால் ஒரு பாத்திக் கூடுகள் முழுவதும் மூழ்கலாம், ஒரு டிராக்டர் வரம்பில் ஏறினால் நசுங்கலாம். உப்பு வாரும் தொழிலாளர்தான் கூட்டை முதலில் காண்பவர். குஞ்சை எடுத்துப் பத்திரப்படுத்துவது அவருக்குத் தோன்றும் இரக்கமான வழி.

அதைவிடப் பயன்படும் வேலை எளிது. முட்டை கிடக்கும் இடத்திலிருந்து சில அடி தள்ளி ஒரு கல்லை அடையாளமாக வைக்கலாம். குழியை ஒட்டிக் கொடியோ குச்சியோ நட்டால் காகத்துக்கும் வழி காட்டியதாகும். நீர் திறக்கும் முன் அந்தப் பாத்தியை ஒருவர் காலையில் சுற்றி வருவது, முட்டையிருந்தால் மூன்று நான்கு கிழமை வேறு பாத்திக்கு நீரைத் திருப்புவது, வரம்பில் வாகனம் ஓட்டும் தடத்தை ஒரு பக்கமாக ஒதுக்குவது, உப்பளத்து நாய்களைக் கட்டிவைப்பது ஆகியவை மேற்பார்வையாளர் ஒருவரின் சொல்லால் நடக்கக்கூடியவை. பொரித்தபின் குஞ்சுகள் பாத்திக்குள் நின்றால் நீரை மெல்ல மெல்ல ஏற்றினால் போதும். அவை தாமாகவே வரம்பேறிவிடும். செங்குத்தாக வெட்டிய வரம்பில் குஞ்சு ஏறமுடியாது என்பதால், ஓரிடத்தில் மண்ணைச் சரிவாகத் தட்டிவிடவேண்டும்.